உள்ளங்காலில் புதுச்சதை

சேலைப் பொதியை அவர் கீழே வைக்கமாட்டார். ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரெசிங் அறைக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்து நிறையப் பேர் காத்திருப்பார்கள். அவர் மட்டும் பொதியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு யன்னலுக்கும் கதவுக்கும் இடையில் நடந்துகொண்டிருப்பார். நடக்கிற நடையிலேயே இருப்பவர்களின் ஊரைக் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார், மகன் கட்டாரிலா துபாயிலா என்று விசாரிப்பார். அவருடைய முறை வருவதற்குள் அங்கிருக்கும் யாரோ ஒருவருடைய மகனுக்கு ஏறாவூரிலோ காத்தான்குடியிலோ ஒரு பெண் தயாராகியிருக்கும்.

"இருங்க ராத்தா. காலைத் தூக்கி வைச்சிட்டு இருங்க" என்று நான் உள்ளேயிருந்து குரல் கொடுப்பேன்.

"இரிக்கிறன் கிளி, இந்தா இரிக்கிறன்" என்பார். நடை நிற்காது.

ராத்தா என்றால் அக்கா; கிளி என்பது அவர் என்னைச் செல்லமாகக் கூப்பிடுவது. ஓட்டமாவடியில் வாவிக்கரையை ஒட்டி அவருடைய வீடு. கணவர் மௌத்தாகிப் பல காலம். ஒரே மகள். சேலையும் சாரனும் பிள்ளைகளின் சட்டைகளும் கட்டிய பொதியோடு வீடு வீடாகப் போவதுதான் தொழில். அந்தப் பக்கத்தில் அவர் ஏறி இறங்காத படி கிடையாது. எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளிலும் அடுப்படி வரைக்கும் போய்ப் பானையைத் திறந்து பார்க்கிற உரிமை அவருக்கு இருந்தது. சேலை விற்கப் போன இடங்களில் பேசிப் பேசியே கலியாணம் பேசுகிறவராகவும் ஆகிவிட்டார். இரண்டுக்கும் நடக்க வேண்டும். அவருக்குப் புண் வந்தது உள்ளங்காலில்.

நான் அப்போது தாதியாக வேலைக்குச் சேர்ந்து அதிக காலமில்லை. அவர் முதல் தடவை வந்தபோது சீமெந்துத் தரையில் இரத்தம் வட்டம் வட்டமாகப் பதிந்திருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. தரை துடைக்கிறவர்தான் கண்டு சத்தம் போட்டார். செருப்பைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே ஒரு சட்டைப் பொத்தான். பொதியிலிருந்து எப்படியோ விழுந்து செருப்புக்குள் போயிருக்கிறது. அதை மிதித்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க ஊர் சுற்றியிருக்கிறார். பெருவிரலுக்குக் கீழே, பாதம் அழுந்துகிற இடத்தில், பொத்தான் வட்டத்துக்குத் தோல் குழிந்து பிய்ந்திருந்தது.

"நோகேல்லையா ராத்தா?"

"நொந்தா நான் கழட்டிப் பாத்திரிப்பனே" என்றார்.

சீனி வருத்தம் என்கிற நீரிழிவு அவருடைய கால்களிலிருந்து வலியை எடுத்துக்கொண்டு போயிருந்தது. வலி இல்லாதவரை உட்கார வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கு அன்றைக்குத் தெரியாது.

டொக்டர் நசுங்கிச் செத்த சதையை வெட்டி எடுத்தார். கைப் பெருவிரல் நுனி போய் மறைகிற அளவுக்கு ஒரு குழி விழுந்தது. அதைக் கழுவி, ஈரத்துணி வைத்துக் கட்டி, காலைத் தரையில் அழுத்தக்கூடாது என்று சொல்லி அனுப்பினோம். அவர் சரி சரி என்று தலையாட்டிவிட்டுப் பொதியை எடுத்துக்கொண்டு போனார்.

சில நாளில் குழியின் அடி நிறம் மாறியது. மங்கல் மஞ்சளாகக் கிடந்த இடத்தில் சின்னச் சின்னச் சிவப்பு மணிகள் எழுந்தன. புதிதாக வளர்கிற சதை அப்படித்தான் வரும். நூலைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் சுருண்டு சுருண்டு மேலே ஏறிவர, அவற்றைச் சுற்றிச் சதை கட்டும். ஈரமாக, பளபளப்பாக இருக்கும். பஞ்சு பட்டாலே இரத்தம் கசியும். அவ்வளவு மென்மை. அதைக் காண்கிறபோது எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு சந்தோஷம் வரும். புண் பிழைத்துக்கொள்ளப் பார்க்கிறது என்று அர்த்தம்.

உள்ளங்காலைத் தன் கண்ணால் பார்க்கிற அளவுக்கு அவருடைய உடம்பு மடங்காது. அதனால் அவருடைய போனிலேயே ஒரு படம் எடுத்துக் காட்டினேன். போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"என்ன இது, மீன் சினை மாதிரி இரிக்கி?"

"அதுதான் ராத்தா புதுச்சதை. அடியில இருந்து நிரம்பிக்கொண்டு வருது."

"பொய் செல்லாத. இந்த வயசில எனக்குப் புதுசா என்னத்த முளைக்கப் போகுது?"

"வயசெல்லாம் அதுக்குத் தெரியாது. நீங்க நடக்காம இருந்தா அது தன்ட பாட்டில வளரும்."

அவர் படத்தைப் பெரிதாக்கினார். விரலால் அப்படியும் இப்படியும் நகர்த்தினார். "அல்ஹம்துலில்லாஹ். வடிவாத்தான் இரிக்கி" என்றார், ஏதோ புதிதாய் வந்த சேலையைப் பார்ப்பதுபோல.

அடுத்த தடவை கட்டை அவிழ்த்தேன். சிவப்பு மணிகள் நசுங்கிக் கருநீலமாகக் கிடந்தன. ஓரத்துத் தோல் தண்ணீரில் ஊறியது மாதிரி வெள்ளையாக வெடித்திருந்தது.

"நடந்திருக்கிறீங்க" என்றேன்.

"இல்ல கிளி."

"ராத்தா."

"ஊட்டு முத்தத்தில ரெண்டு எட்டு வச்சிரிப்பன்."

கதவுக்கு வெளியே வாங்கில் காத்திருந்த ஒரு பெண் சிரிப்பை அடக்கமுடியாமல் சொன்னாள். "இவ எங்கட வீட்டுக்கும் வந்தவ மிஸ்ஸி. போனில புண்ணப் படம் எடுத்து வைச்சிருக்கிறா. 'எனக்குப் புதுச்சதை வருது, பாருங்க' எண்டு றோட்டு முழுக்கக் காட்டித் திரியிறா."

நடந்தால் நசுங்கிப் போகிற சதையை வீடு வீடாக நடந்து காட்டியிருக்கிறார். எனக்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. கோபம்தான் பட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். கட்டி முடித்ததும் என் கன்னத்தைத் தொட்டுத் தன் விரலை முத்தமிட்டார். "ஒனக்கொரு நல்ல மாப்புள பாத்து வச்சிரிக்கன்" என்றார். வெளியே அவருடைய செருப்புச் சத்தம் கேட்டது. மெதுவாகப் போகிற சத்தமில்லை.

இப்படியே போனது. சதை வரும், அவர் மிதிப்பார், போகும், மறுபடியும் வரும். மற்ற நோயாளிகளின் புண்ணைக் கழுவும்போதும் எனக்கு அந்தக் கால்தான் நினைப்பு. வீட்டுக்குப் போகிற வழியில் றோட்டோரத்தில் பொதியோடு யாரும் போனால் அவரா என்று திரும்பிப் பார்ப்பேன். பல தடவை அவராகத்தான் இருந்தது. என்னைக் கண்டதும் ஏதாவது ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் திரும்பிவிடுவார். அந்த வயதில், நொண்டிக்கொண்டு, என்னிடமிருந்து ஒளிந்து ஓடுவார்.

ஒரு நாள் பெரிய சந்தோஷத்தோடு வந்தார். கையில் ஒரு பெட்டி தொதல் இனிப்பு. புண் மூடிவிட்டதாம். தானே போனில் படம் எடுத்துப் பார்த்தாராம். கட்டை அவிழ்த்தேன். மேலே மெல்லியதாகத் தோல் மூடித்தான் இருந்தது. ஆனால் விரலால் அழுத்தியபோது அது உள்ளே போனது. கீழே சதை இல்லை. இன்னொரு தடவை அழுத்தினேன். ஓரத்தால் சீழ் வந்தது.

புண் அடியிலிருந்து நிரம்பி மேலே வர வேண்டும். அடி நிரம்புவதற்கு முதல் மேல் மூடிவிட்டால் உள்ளே வெறும் பொந்துதான். அந்தத் தோலை வெட்டித் திறக்க வேண்டியிருந்தது. டொக்டர் திறந்தார். குழி முன்பைவிட ஆழமாக இருந்தது.

"இன்னும் எலும்புக்குப் போகேல்ல" என்றார் டொக்டர். "போனா என்னால ஒண்டும் செய்ய ஏலாது. மட்டக்களப்புக்கு அனுப்புவன். அங்க முன்பாதத்தை எடுப்பாங்க. அதுக்குப் பிறகு நீங்க எங்கயும் நடந்து போகத் தேவையில்ல."

அவர் பொதியைத் தூக்கிக்கொண்டு போனார். தொதல் பெட்டி மேசைமேல் அப்படியே இருந்தது.

அடுத்த முறைக்கு அவர் வரவில்லை. அதற்கடுத்த முறைக்கும் வரவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் விலாசம் விசாரித்துக்கொண்டு ஸ்கூட்டரில் போனேன். வாவிக் காற்றில் கிடுகுவேலி ஆடிக்கொண்டிருந்த ஒரு சின்ன வீடு. உள்ளே தையல் மெசின் ஓடுகிற சத்தம். மகள் மெசினுக்கு முன்னால் இருந்தாள். என் வயதுதான் இருக்கும். என்னைக் கண்டதும் மெசினை நிறுத்தினாள். எழும்பவில்லை.

"உம்மா எங்க?"

"வெளிய போயிட்டாங்க."

"அந்தக் காலோடயா? நீங்க விட்டனீங்களா?"

"நான்தான் போகச் சொன்னன்" என்றாள்.

நான் வாசலிலேயே நின்றேன். அவள் தைத்துக்கொண்டிருந்த துணியைத் தடவித் தடவி மடித்தாள்.

"கால் போனாப் பரவால்ல எண்டு நான் நினைக்கல்ல மிஸ்ஸி. ஆனா உம்மா ஊட்டுக்குள்ள இரிந்தா ரெண்டு பேருக்கும் மூச்சு முட்டும். ஒரு மூலையில அவங்க, ஒரு மூலையில நான். கதைக்கிறதுக்கு ஒண்டும் இல்ல. அவங்க ஒழும்பி ஒழும்பி வாசலப் பாப்பாங்க. பாக்க ஏலாம 'போயிட்டு வாங்க' எண்டிடுவன்."

மெசின் மறுபடியும் ஓடத் தொடங்கியது. ஒரு தாயும் மகளும் இப்படி இருப்பார்களா என்று யோசித்துக்கொண்டு திரும்பினேன். எனக்கு அந்தப் பெண்மேல் ஆத்திரமாக இருந்தது.

மறுநாள் காலையிலேயே ராத்தா வந்துவிட்டார். நான் வீட்டுக்குப் போனதை மகள் சொல்லியிருக்கிறாள். கட்டிலில் படுக்கவைத்துக் காலைக் கழுவத் தொடங்கினேன். கூரையைப் பார்த்துக்கொண்டு அவராகவே சொன்னார்.

"நான் ஒரு மாப்புளைக்குப் பொண்ணு பேசிக் குடுத்தன் கிளி. வாழைச்சேனையில போன் கடை வச்சிரிந்த பொடியன். நல்ல பொடியன். அவன்ட உம்மா எனக்கிட்டச் சேலை எடுக்கிறவ. நான்தான் பொண்ணு காட்டினன், நான்தான் பேசி முடிச்சன். பொண்ணுட கலியாணச் சட்டையத் தைக்க என்ட மகளுக்கிட்டத்தான் குடுத்தன். கல்லு வச்சு, மணி கோத்து, அவ்வளவு வடிவாத் தைச்சுக் குடுத்தாள். கலியாணமும் முடிஞ்சி. மறுகா ஒரு நாள் என்ட மகள்ட கூட்டாளிப்புள்ள வந்து அழுது செல்லிச்சு. அந்தப் பொடியனும் இவளும் விரும்பியிரிந்தவங்களாம். 'ஒங்கட உம்மாக்கிட்டச் செல்லு' எண்டு அவன் எவ்வளவோ கேட்டானாம். இவள் செல்லல்ல. அந்தக் கோவத்திலதான் அவன் நான் காட்டின பொண்ணுக்கு ஓமெண்டானாம்."

நான் கையிலிருந்த பஞ்சைக் கீழே போட்டேன்.

"மகளிட்டக் கேட்டீங்களா?"

"என்னத்தக் கேக்க? எந்த வாயால கேக்க? அவளுக்கு நான் அறிஞ்சது தெரியும். அவளுக்குத் தெரியும் எண்டது எனக்கும் தெரியும். ஊட்ட போய் இரிந்தா அந்த மெசின் சத்தம். கேட்ட உடன எனக்கு ஒழும்பி ஓடணும் போல இரிக்கும். காலக் கீழ வைக்காத எண்டு நீங்க எல்லாரும் செல்றீங்க. நான் எங்க கொண்டுபோய் வைக்க இந்தக் கால?"

டொக்டரிடம் நான் இந்தக் கதையைச் சொல்லவில்லை. ராத்தாவிடம், வீட்டில் பொறுப்பான ஒருவர் வந்து புண்ணைப் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லி, மகளைக் கூட்டிவரச் சொன்னேன். அடுத்த தடவை அவளும் வந்தாள். கட்டை அவிழ்த்ததும் கிட்ட வந்து குனிந்தாள். அதுவரை அவள் அந்தப் புண்ணை நேரில் பார்த்ததில்லை. உள்ளே விளக்கை அடித்துக் காட்டினேன். மங்கிய சதை. அடியில் ஓர் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் சிவப்பு.

நெடுநேரம் பார்த்தாள். "இது நிரம்புமா?" என்று கேட்டாள்.

"நிரம்பும். அந்தச் சிவப்பை மிதிக்காம விட்டா."

வெளியே போகும்போது ராத்தா வழக்கம்போலப் பொதியைத் தூக்கினார். மகள் அதைப் பிடித்தாள். ராத்தா விடவில்லை. இருவரும் ஒரு பொதியை ஆளுக்கொரு பக்கமாகப் பிடித்துக்கொண்டு நின்றதை வாங்கில் இருந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள்.

"விடுங்க உம்மா. நான் போறன்."

"நீ எங்க போவாய்? ஒனக்கு ஆர்ட ஊடு தெரியும்?"

"கேட்டுக் கேட்டுப் போறன். நீங்க ஊட்ட இரிங்க."

ஓட்டோவைக் கூப்பிட்டுத் தாயை ஏற்றி அனுப்பிவிட்டு, பொதியைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் வெயிலில் நடந்து போனாள். பழக்கமில்லாத நடை. ஒரு தோள் தாழ்ந்து போயிருந்தது.

அதன் பிறகு ராத்தா ஓட்டோவில் வந்தார், ஓட்டோவில் போனார். கால் தரையில் படவில்லை என்பதைப் புண்ணே சொன்னது. ஓர் ஓரத்தில் இருந்த சிவப்பு அடி முழுக்கப் பரவியது. ஆனால் அவர் முன்பைவிட அந்தரமாக, இருப்புக்கொள்ளாமல் இருந்தார். கட்டிலில் படுத்திருக்கும்போதும் கை சும்மா இருக்காது. சேலைத் தலைப்பை முறுக்கும், அவிழ்க்கும், மறுபடி முறுக்கும். பேச்செல்லாம் மகள்தான். இன்றைக்கு நாவலடிப் பக்கம் போனாள், நேற்று ஒரு வீட்டில் நாய் துரத்தியதாம், வெயிலில் கறுத்துவிட்டாள், வந்ததும் கால் வலி என்கிறாள். "என்ட வேலைய அவள் செய்யிறாள், அவள்ட மெசின் கதிரையில நான் இரிக்கிறன். பயித்தியம் புடிக்கும் போல இரிக்கி கிளி" என்பார்.

பிறகு ஒரு நாள் வந்தார். முகம் வெளிறியிருந்தது. சீனி குறைந்துவிட்டதோ என்று பயந்து நாடியைப் பிடித்தேன்.

"அவன்ட ஊட்டுக்கும் போயிட்டாள்" என்றார்.

"யார்ட?"

"அந்தப் பொடியன்ட ஊட்டுக்கு. அவன் கடைக்குப் போயிட்டானாம். பொஞ்சாதி இரிந்திச்சாம். மாசமா இரிக்காம். இவள் இரிந்து, தேத்தண்ணி குடிச்சு, சேலை காட்டி, வரப்போற புள்ளைக்குச் சட்டைத்துணியும் வித்துட்டு வந்திரிக்காள். ராத்திரிச் சோத்த முன்னால வச்சிக்கிட்டு ஒண்டும் நடக்காத மாதிரி எனக்கிட்டச் செல்றாள்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு அடக்க ஏலாமப் போச்சு. 'எனக்கிட்ட ஏன்டி செல்லல்ல? ஒரு வார்த்த செல்லியிரிந்தா நான் அவனக் கொண்டுபோய் இன்னொருத்திக்குக் குடுப்பனா?' எண்டு கேட்டுட்டன்."

நான் கட்டுவதை நிறுத்திவிட்டேன்.

"'நீங்க கேக்கல்லையே உம்மா' எண்டாள். 'ஊரில இரிக்கிற குமர்ப்புள்ளைகள் எல்லாத்தையும் தனியாக் கூட்டிப்போய், ஒனக்கு விருப்பமா, ஆரும் மனசில இரிக்கா எண்டு கேட்டுட்டுத்தானே நீங்க மாப்புள பேசுவீங்க. என்னை ஒரு நாளும் கேக்கல்ல. நீங்க கேப்பீங்க கேப்பீங்க எண்டு நான் பாத்துக்கிட்டே இரிந்தன்' எண்டாள்."

அவருடைய கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நல்ல பலமான பிடி.

"நான் கேக்கல்லதான் கிளி. என்ட ஊட்டுல ஒரு குமர் இரிக்காள் எண்டே எனக்கு நினைப்பு வரல்ல. நான் ஊட்ட இரிந்தாத்தானே."

அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. காலை இழுத்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். தோளைப் பிடித்துப் படுக்கவைத்தேன். மிச்சக் கட்டையும் கட்டி முடித்தேன்.

அதற்குப் பிறகு குழி வேகமாக மேலே வந்தது. ஒவ்வொரு தடவையும் ஆழம் பார்க்கிற கருவி குறைவாகவே உள்ளே போனது. கடைசியில் சதை தோலின் மட்டத்துக்கு வந்து நின்றது. ஓரங்களிலிருந்து வெளிறிய ரோஸ் நிறத்தில் புதுத்தோல், பாலில் ஆடை படர்வது மாதிரி, உள்ளே ஊர்ந்து வந்தது. விரலால் அழுத்தினேன். உள்ளே போகவில்லை. டொக்டரும் அழுத்திப் பார்த்தார். மெத்தை வைத்த செருப்புக்கு எழுதிக் கொடுத்து, இனி டிரெசிங் வேண்டாம் என்றார்.

எனக்குச் சில காலத்தில் மட்டக்களப்புக்கு இடமாற்றம் வந்தது. ராத்தாவிடம் சொல்லிக்கொள்ளப் போன அன்றைக்கு வீடு பூட்டியிருந்தது.

பிறகு ஒரு பின்னேரம், மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் மகளைக் கண்டேன். துணி எடுக்க வந்திருக்கிறாள். இரண்டு பெரிய பைகள். நன்றாகக் கறுத்து, முகம் தெளிந்து, வேறு யாரோ போல இருந்தாள். அவள்தான் என்னை அடையாளம் கண்டு "மிஸ்ஸி" என்று கூப்பிட்டாள்.

"உம்மா நடக்கிறாவா?"

"கிட்டத்து ஊடுகளுக்குப் போய்வந்தாங்க. தூரத்துக்கு நான். இப்ப கொஞ்ச நாளா அதுவும் இல்ல. வாசலைத் தாண்டுறதே இல்ல."

"புண் திரும்ப வந்திட்டுதா?"

"இல்ல, இல்ல. கால் சுகம். ஒவ்வொரு நாளும் பின்னேரம் அஸர் தொழுதுட்டு என்ட மடியில காலத் தூக்கி வைப்பாங்க. வெடிப்பு, கொப்புளம் ஏதும் இரிக்கா எண்டு நான் தடவிப் பாப்பன். அப்பிடி ஒரு நாள் பாத்துக்கிட்டிரிக்கக்குள்ள கேட்டாங்க, 'ஒனக்கு ஆரும் மனசில இரிக்கா?' எண்டு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"யோசிச்சுச் செல்றன் எண்டன்."

"உண்மையில ஆரும் இருக்கா?"

அவள் சிரித்தாள். வாழைச்சேனை பஸ் புறப்பட ஹோர்ன் அடித்தது. பைகளை ஏற்ற நான் உதவினேன். இருக்கையில் இருந்துகொண்டு யன்னலால் தலையை நீட்டினாள்.

"அப்பிடிக் கேட்ட நாளில இரிந்துதான் மிஸ்ஸி அவங்க வெளிய போறதில்ல. நான் எப்ப வாய் திறப்பன் எண்டு பாத்துக்கிட்டு, நான் தைக்கிற நேரமெல்லாம் மெசினச் சுத்திச் சுத்தி நடக்கிறாங்க."